சுருக்குப்பை: தொழில் செய்யும் பெண்களின் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: "உங்கள் உழைப்புக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் கூலி எவ்வளவு?" சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிப்பேருக்கு மேல் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

அக்கா, ஏழு வருஷமா வீட்டுலயே இட்லி மாவு ஆட்டி விக்கிறேன். தினமும் 10 கிலோ அரிசி போடறேன். கிலோ மாவு 45 ரூபாய். வீட்டுக்காரர் யார்கிட்ட பேசினாலும் "அவ பொழுதுபோகறதுக்கு மாவு ஆட்டறா"ன்னு சொல்றார். எனக்கே சில நேரம் அப்படித்தானோன்னு தோணுது. கையில காசும் தங்கறதில்ல. இது தொழிலா, இல்லையா?
– வாசகி, கிச்சிப்பாளையம்

தொழில்தான் கண்ணு. அதில் சந்தேகமே வேண்டாம். நானும் அம்மாபேட்டையில் 18 வருஷம் மாவு ஆட்டி விற்றவள். உளுந்தைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துப் போயிருக்கும். அந்தக் கையோடு கல்லுப்பு போட்டுக் கலக்கும்போது சுரீரென்று எரியும். பொழுதுபோகாமல் யாரும் அப்படி எரியவிட மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் எழுதியிருந்த கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அரிசி 10 கிலோ 450 ரூபாய், உளுந்து இரண்டரைக் கிலோ 325 ரூபாய், ஆக 775. மாவு 28 கிலோ வருகிறது, 1,260 ரூபாய்க்கு விற்கிறீர்கள். "485 ரூபாய் மிச்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் தப்பு. வெந்தயமும் உப்பும் 20 ரூபாய், கரண்டும் தண்ணியும் 40, கவர் 60 போடுங்கள். கிரைண்டர் கல் கொத்த, பெல்ட் மாற்ற என்று நாளுக்கு 30 எடுத்து வையுங்கள். இப்போது செலவு 925. மிச்சம் 335.

அப்புறம் நேரம். ஊறப்போட்டுக் கழுவுவது, மூன்று ஈடு ஆட்டுவது, கவரில் ஊற்றிக் கட்டுவது, நாலு தெரு நடந்து கொடுப்பது, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 335ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 42 ரூபாய்கூட இல்லை. இதே வேலைக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டால் நாளுக்கு 500 ரூபாய் கொடுக்காமல் வருவார்களா? அந்த 500ஐச் செலவில் சேருங்கள். தினமும் 165 ரூபாய் நஷ்டத்தில் ஓடுகிறது உங்கள் கடை. அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது உங்கள் இடுப்புவலி. கிலோவுக்கு 55 ரூபாய் வைத்தால் 1,540 வரும். கூலி 500 போக 115 ரூபாய் தொழிலுக்கு நிற்கும்.

விலை ஏற்றினால் ஆள் போய்விடுவார்கள் என்று பயப்படுவீர்கள். நானும் பயந்தேன். ஏற்றினேன். எட்டு வீட்டார் நின்றார்கள், இரண்டு மாதத்தில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மீதி ஐந்து பேருக்கு ஆட்டாத மாவுக்காக என் தோள் எனக்கு நன்றி சொன்னது.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். 1991ல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். "வீட்டம்மா என்ன வேலை?" என்றார். அப்பா, "சும்மாதாங்க இருக்கா" என்றார். அம்மா அந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து, எண்ணெய் தடவிய துணியில் தட்டுவடை தட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சினிமாக் கொட்டகை முன்னால் தட்டுவடை செட் போடுவதற்கு. பீட்ரூட், கேரட் துருவல் ஒரு சட்டி, பச்சைச் சட்னி ஒரு சட்டி, சிவப்புச் சட்னி ஒரு சட்டி தயாராகப் பக்கத்தில் மூடி வைத்திருந்தது. எங்கள் ஐந்து பேரின் பள்ளிக்கூடச் செலவு அந்தச் சட்டிகளில்தான் இருந்தது. அப்பா பொய் சொல்லவில்லை, அவருக்கு அது வேலையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாத்தியார் எழுதிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று அந்த வருஷக் கேள்வியிலேயே சேர்த்திருந்தார்கள். பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வந்தது அது. வாத்தியார் தாளைப் பார்த்து மறுபடி கேட்டார், இந்தத் தடவை அம்மாவைப் பார்த்து. அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "தட்டுவடைக் கடை வெச்சிருக்கேனுங்க" என்றார். அதுவரை அவர் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருத்தர் வீட்டுக்கு எவ்வளவு கொண்டுவருகிறார் என்பதைவிட, எவ்வளவு கொண்டுவருவதாக வீட்டார் நினைக்கிறார்கள் என்பதுதான் அவர் பேச்சுக்கு வீட்டில் எடை தருகிறது. 1990ல் அமர்த்தியா சென் இதை விளக்கி எழுதினார். பெண்ணியப் பொருளாதார அறிஞர்கள் அதை மேலும் நீட்டிப் பேசினார்கள். ஆகவே "பொழுதுபோக்கு" என்ற சொல்லை லேசாக விடாதீர்கள். அடுத்த தடவை அவர் அப்படிச் சொல்லும்போது, அதே ஆள் முன்னாலேயே, "மாவு வியாபாரம் பண்றேங்க, தினமும் 28 கிலோ" என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம், எண்ணிக்கையைச் சொன்னால் போதும்.

காசு தங்காததற்குக் காரணம் ஒரே டப்பா. பாலுக்கும் அதிலிருந்து, உளுந்துக்கும் அதிலிருந்து. அம்மாவிடம் இரண்டு சுருக்குப்பை இருந்தது. கடைக் காசு இடுப்பில், வீட்டுக் காசு அடுப்படி ஆணியில். இடுப்பிலிருந்து ஆணிக்குக் கடன் போனால் சுவரில் கரிக்கோடு போடுவார். மாசக் கடைசியில் கோட்டை எண்ணி அப்பாவிடம் காட்டுவார். இந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில இருந்து வெள்ளி வாங்கிட்டு வந்து, கொலுசுக்குச் சலங்கை கோத்துப் பத்த வெச்சுக் கொடுக்கிறேன். மூணு வருஷமா கூலி ஏறல. பட்டறைக்காரர்கிட்ட கேட்டா, "வீட்டுல உக்காந்துக்கிட்டே செய்யற வேலைதானேம்மா"ங்கறார். நான் தொழில் பண்றவளா, கூலிக்காரியா?
– வாசகி, குகை

நல்ல கேள்வி. இதற்குள் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. வெள்ளி அவருடையது, டிசைன் அவருடையது, விலை வைப்பது அவர், சேதாரம் போனால் பிடிப்பதும் அவர். அந்த அளவில் நீங்கள் தொழிலாளி. ஆனால் கேஸ், விளக்கு, வாடகை, கண்வலிக்கு மருந்து என்று வரும்போது மட்டும் "உங்க வீடு, உங்க செலவு" என்று உங்களை முதலாளியாக்கிவிடுகிறார்.

மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1970களின் கடைசியில் ஆந்திராவின் நரசாபூருக்கு வந்து, வீட்டில் லேஸ் பின்னும் பெண்களோடு பேசினார். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு அது. நாள் முழுக்கப் பின்னிய பெண்களை வியாபாரிகள் "சும்மா இருக்கும் நேரத்தில் பின்னும் குடும்பப் பெண்கள்" என்றே கணக்கில் வைத்திருந்தார்கள். அப்படிப் பெயர் வைத்ததால்தான் அத்தனை குறைந்த கூலி கொடுக்க முடிந்தது என்று அவர் காட்டினார். லேஸ் இருந்த இடத்தில் கொலுசை வைத்துப் பாருங்கள், உங்கள் கடிதம்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமைகள் வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1996ல் 177ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தனியாகப் போய்க் கூலி கேட்டால் வேலை அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயம்தான். உங்கள் தெருவில் சலங்கை கோர்ப்பவர்கள் எத்தனை வீடு என்று முதலில் எண்ணுங்கள். பத்து வீட்டாரும் ஒரே கூலியைச் சொன்னால் அவர் எந்த அடுத்த வீட்டுக்குப் போவார்? அகமதாபாத்தில் 1972ல் இலா பட், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான "சேவா" சங்கத்தைப் பதிவுசெய்யப் போனபோது, "முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று கேட்டார்கள். சங்கம் ஒருத்தரை எதிர்ப்பதற்கு மட்டுமா, நாங்கள் ஒன்றாக நிற்பதற்கும்தான் என்று வாதாடிப் பதிவு வாங்கினார்கள். அந்தச் சங்கத்தில் இன்று லட்சக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஒன்று. தமிழ்நாட்டின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் தங்கம், வெள்ளி வேலை செய்பவர்களுக்கென்று ஒன்று இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, உங்கள் பெயரில் பதிந்துகொள்ளுங்கள்.

குழுவுல என் பேர்ல 50,000 லோன் எடுத்தோம். பூ வியாபாரத்துக்குன்னு எழுதிக் கொடுத்தது. வீட்டுக்காரர் பைக் வாங்கிட்டார். தவணையை நான்தான் கட்டறேன். பத்தாம தண்டலும் வாங்கிட்டேன். தப்பு என் மேலதானே அக்கா?
– ஊரும் வேண்டாம் என்ற வாசகி

இல்லை தங்கச்சி. 2004ல் என் பெயரிலும் ஒரு கடன் எடுத்தார்கள். மாவுக்கு இரண்டாவது கிரைண்டர் என்று எழுதினோம். பணம் என் கொழுந்தனாரின் விசைத்தறிக்குப் போனது. கையெழுத்துப் போட்ட பேனாவின் மூடியைக்கூட நான் மூடவில்லை, அதற்குள் பணக்கட்டு கைமாறிவிட்டது. 22 மாதம் கட்டினேன். ஒரு தவணை தவறியபோது வசூலுக்கு வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். தெருவே பார்த்தது. கொழுந்தனார் வீட்டு வாசலில் யாரும் உட்காரவில்லை, ஏனென்றால் தாளில் இருந்தது என் பெயர். அந்த அவமானம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

வங்கதேசத்தில் ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென்குப்தாவும் ஆராய்ந்து 1996ல் வெளியிட்டார்கள். பெண்கள் பெயரில் கொடுத்த சிறுகடன்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், பணத்தை என்ன செய்வது என்ற முடிவு முழுசாகப் பெண் கையில் இல்லை. "பெண்களுக்குக் கடன் கொடுத்தோம், அதிகாரம் கொடுத்துவிட்டோம்" என்ற பேச்சைப் பெண்ணியவாதிகள் அப்போதிருந்தே கேள்வி கேட்டு வருகிறார்கள். நம் மாவட்டத்துக்கு மகளிர் குழுத் திட்டம் சீக்கிரமே வந்தது. தர்மபுரியில் 1989ல் தொடங்கி, அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் சேலத்துக்கும் வந்துவிட்டது. குழு எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது, பேங்கில் தலைநிமிர்ந்து பேச அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் கடன் வாங்கும் கை ஒன்று, செலவழிக்கும் கை ஒன்று என்றால், பெண்ணுக்கு மிஞ்சுவது கடன் மட்டும்தான்.

முதலில் தண்டலை முடியுங்கள். கையில் 9,000 கொடுத்து, நாளுக்கு 100 என்று நூறு நாள் வாங்குகிறார்கள். "ஆயிரம்தானே வட்டி" என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் நாலாயிரத்து ஐந்நூறு போலத்தான். கணக்குப் போட்டால் மாதத்துக்கு நூற்றுக்கு ஆறரை ரூபாய் வட்டி. தெருவோர வியாபாரிகளுக்கு அடமானம் இல்லாமல் பேங்க் கொடுக்கும் பிஎம் ஸ்வநிதி கடன் 2020லிருந்து இருக்கிறது. முதல் முறை தரும் கடன் 10,000ஆக இருந்தது, 2025ல் 15,000 ஆக்கினார்கள். பூ விற்கும் நீங்கள் கேட்கலாம். பணம் உங்கள் கணக்குக்கு வரட்டும், ஏடிஎம் கார்டு உங்கள் பையில் இருக்கட்டும்.

வசூலுக்கு வருபவர்கள் பற்றியும் சொல்கிறேன். சிறுகடன் கொடுப்பவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தவணைக்குத் தொந்தரவு செய்யக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்பது 2022லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கத் தமிழ்நாடு 2025ல் தனிச்சட்டமே போட்டிருக்கிறது. என் வாசற்படியில் அந்த ஆள் உட்கார்ந்தபோது இதெல்லாம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

பைக்கைப் பற்றி: தவணையில் பாதியை அவர் கட்டட்டும். கேட்க முடியவில்லை என்றால் குழுத் தலைவியை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர் முன்னால் கேளுங்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் உதிரிப்பூவும் சரமும் விக்கிறேன். கார்ப்பரேஷன்காரங்க திடீர்னு வந்து கூடையைத் தூக்கிட்டுப் போயிடறாங்க. சாயங்காலம் போய்க் கேட்டா பூ வாடிக் கிடக்கு.
– வாசகி, அம்மாபேட்டை

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014ல் வந்தது. வாடக்கூடிய பொருளை எடுத்தால், நீங்கள் போய்க் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். மற்ற பொருள் என்றால் இரண்டு வேலைநாளுக்குள். இடத்தைக் காலி செய்யச் சொல்ல 30 நாள் நோட்டீஸ் வேண்டும். தெருவோர வியாபாரத்தைக் கவனிக்க ஊருக்கு ஊர் அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவில் உங்கள் தெருவுக்காகப் பேசும் பெண் யார் என்று விசாரியுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்களே நில்லுங்கள்.

அங்கே போனால் முதலில் கக்கூஸ் கேளுங்கள். என் அம்மா சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ராத்திரி இரண்டாவது ஆட்டம் தொடங்கும்வரை ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டார். தாகத்துக்கு உள்ளங்கையில் தண்ணியை வைத்து உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார். பக்கத்து வெள்ளரிக்காய்க் கடைக்காரர் சுவரோரமாகப் போய்விட்டு வருவார். ஐம்பது வயசுக்கு மேல் அம்மா நீர்க்கடுப்பிலேயே பாதி நாள் கழித்தார். கடனும் பயிற்சியும் கொடுக்கும் திட்டங்கள் எத்தனையோ வந்தன, எதிலும் இது ஒரு வரிகூட இல்லை. பெண் வியாபாரம் செய்கிறாள் என்றால் அவள் உடம்பும் கூடவே தெருவுக்கு வருகிறது.

பெண்ணியம் என்பது படித்து, ஆபீசுக்குப் போகும் பெண்களுடைய விஷயம். பூக்காரிக்கும் மாவுக்காரிக்கும் அது எதற்கு? அவர்களுக்கு வேண்டியது சோறு.
– வாசகர், அழகாபுரம்

மேலே உள்ள கடிதங்களை மறுபடி ஒரு முறை படியுங்கள் சார். யாராவது சோறு கேட்டிருக்கிறார்களா? சோற்றை அவர்கள்தான் போடுகிறார்கள். கூலியும், தன் பெயரில் எடுத்த கடன் தன் கையில் இருப்பதும், பூ வாடுவதற்குள் கூடை திரும்புவதும்தான் அவர்கள் கேட்பது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கும் ஆண்களைப்போல் சொத்துரிமை வேண்டும், விரும்பிய தொழில் செய்ய உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். படித்த பெண்களுக்கு மட்டும் என்று அதில் போடவில்லை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டமாக வர அதற்கப்புறம் 60 வருஷம் ஆனது, 1989ல். என் அம்மாவுக்கு முன்பே கல்யாணமாகிவிட்டதால் அந்தச் சட்டத்தில் அவருக்குப் பங்கு இல்லை. அடமானம் வைக்க ஓர் ஓட்டுவீடாவது அவர் பெயரில் இருந்திருந்தால் வண்டிக்கடை ஒரு நாள் உட்காரும் கடையாகியிருக்கும்.

சிறுதொழில் பெண்ணை விடுவிக்கும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வறுமையைச் சமாளிக்கும் பொறுப்பையும் பெண் தலையிலேயே கட்டும் ஏற்பாடு என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இந்த விவாதம் பெண்ணியத்துக்குள்ளேயே நடக்கிறது. நான் இரண்டாவது சாராரின் கோபத்தோடு முதல் சாராரின் வேலையைச் செய்கிறேன்.

எங்க தோட்டத்து மிளகை வீட்டுக்காரர் ஏணி வெச்சுப் பறிப்பார். மிதிச்சு உதுத்து, காய வெச்சு, புடைச்சு எடுக்கறதெல்லாம் நானும் மாமியாரும். விக்கப் போறது அவர். எவ்வளவுக்குப் போச்சுன்னுகூடத் தெரியாது.
– வாசகி, ஏற்காடு பக்கத்து மலைக்கிராமம்

வரும் தை, மாசியில் பறிக்கும்போது, காய்ந்த மிளகை மூட்டை கட்டும் முன்பு நீங்களே எடை போட்டு எழுதி வையுங்கள். பத்துக்கு இரண்டு கிலோ உங்களுக்கும் மாமியாருக்கும் என்று தனியாகக் கட்டுங்கள். அதை நூறு கிராம் பொட்டலமாகப் போட்டு ஏரிப் பக்கம் விற்றால், வியாபாரி மூட்டைக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே வரும். மாமியாரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் மிதித்த கால் அவருடையது, அவர் கேட்டால் மகன் மறுக்க மாட்டார்.

சத்துமாவு அரைத்து விற்கிறேன். தொழிலைப் பதிவு செய்தால் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் நின்றுவிடும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, சூரமங்கலம்

2023ல் வந்த விதிகளைப் பாருங்கள். வருஷத்துக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்று ஜிஎஸ்டி கட்டுபவர்களைத்தான் தொழில் காரணமாக விலக்கியிருந்தார்கள். குடும்ப வருமானத்துக்குத் தனி வரம்பு உண்டு, இரண்டரை லட்சம். சத்துமாவு அரைத்து அந்த 50 லட்சத்தை நீங்கள் தொடும் நாளில் எனக்கு முதல் கடிதம் போடுங்கள், சந்தோஷமாகப் படிப்பேன்.

சிறுதொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். பான் கார்டு இல்லாத குறுந்தொழில்களுக்காக 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் என்று தனியாகவே தொடங்கியிருக்கிறார்கள், உங்கள் பேங்கில் கேளுங்கள். சாப்பிடும் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் வேண்டும். போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போகலாம், தப்பில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் அடிக்கும் பையன் "உரிமையாளர் பெயர்?" என்று அவரைப் பார்த்துக் கேட்பான். அப்போது பதில் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.